ரிசீவரா, சவுண்ட்பாரா, அசெம்பிள் செட்டா? மூன்றாம் வருடத்து ஓனரிடம் கேளுங்கள்

"அண்ணாச்சி, அடுத்த மாசம் பால் காய்ச்சு. ஹாலுக்கு ஹோம் தியேட்டர் போடணும். கையில ஐம்பதாயிரம் இருக்கு. ரிசீவர் வாங்கவா, சவுண்ட்பார் போதுமா, இல்ல நம்ம ஊர்லயே அசெம்பிள் பண்ணிக்கவா?"

பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ரிசீவர் என்பது தனித்தனி ஸ்பீக்கர்களை ஓட்டுகிற கம்பெனி ஆம்ப்ளிபையர் பெட்டி. சவுண்ட்பார் என்பது டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர் பெட்டி. அசெம்பிள் செட் என்பது உள்ளூர்க்காரர் கட்டிக்கொடுப்பது. கேட்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஓனர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். படித்ததால் வந்த குழப்பம்தான் இது. ஒரே மாடலை ஒருவர் "தியேட்டரே தோத்துது" என்கிறார், அடுத்தவர் "தண்டச் செலவு" என்கிறார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. யார், வாங்கி எத்தனை நாளில் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் எழுதுகிறவருக்குப் புதுப் பெட்டி வந்த சந்தோஷம்தான் பேசும். மூன்று வருடம் ஓட்டியவர் வேறு சங்கதி சொல்வார்: ஐப்பசி இடிக்குத் தாங்கியதா, ரிப்பேர் என்றால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது, வீட்டு அம்மா சீரியல் பார்க்க எத்தனை ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. நான் கீழே எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை ஆட்களிடம் பேசி எடுத்த முடிவுகள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், என்ன கேட்கப் போகிறீர்கள். படமா, பாட்டா, சீரியலா. படத்துக்கு வசனம் தெளிவாக வர வேண்டும். அதற்கு டிவியை ஒட்டி நடுவில் வைக்கிற சென்டர் ஸ்பீக்கர் முக்கியம். பாட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் நன்றாக இருந்தாலே போதும், பின்னால் நாலு மாட்டுவதால் பாட்டு இனிமையாகிவிடாது.

இரண்டாவது, ஹால். இப்போது கட்டுகிற வீடுகளில் தரை முழுக்க டைல்ஸ், சுவர் முழுக்கப் பட்டி பார்த்த வழுவழுப்பு, ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். கைதட்டிப் பாருங்கள், "டிங்" என்று திரும்பி வரும். இந்த ஹாலில் எந்தப் பெட்டியை வைத்தாலும் வசனம் குழம்பும். கனமான ஸ்கிரீன், ஒரு ஜமக்காளம், துணி சோபா, இவ்வளவு போட்டாலே பாதிக் குறை தீரும். பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டினால் போதுமா என்று ஒருவர் கேட்டார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவ்வளவு மெல்லிய பாய் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அதற்கு மேல் எதையும் தடுக்காது. பழைய ஓட்டுவீட்டின் பட்டாசலில் இந்த எதிரொலித் தொல்லை குறைவு. அங்கே வேறு தொல்லை உண்டு, பிறகு வருகிறேன்.

மூன்றாவது, கரண்ட்டும் இடியும். நாலாவது, ரிப்பேர். ஐந்தாவது, வீட்டில் மற்றவர்களால் இயக்க முடிகிறதா. ஆறாவது, விலைச்சீட்டில் இல்லாத செலவு.

## வாட்ஸை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை

கடைக்குப் போனால் முதலில் காட்டுவது அதைத்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோனி எஸ்டிஆர்-டிஹெச்590 ரிசீவருக்கு 145 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அது ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போகிற வழியை மட்டும் ஓடவிட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சத்தத்தில், 0.9 சதவீதம் வரை சிதைவை அனுமதித்து அளந்த கணக்கு. அதே மிஷினில் இரண்டு சேனலை ஓடவிட்டு, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீதச் சிதைவில் அளந்தால் 90 வாட்ஸ். இரண்டுமே 6 ஓம் ஸ்பீக்கருக்கு. டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800ஹெச் மாடலுக்கு 80 வாட்ஸ் என்று இருக்கும். அது 8 ஓமுக்கு, முழு அலைவரிசையில், இரண்டு சேனலில் அளந்தது. 145 பெரிசா 80 பெரிசா என்று பார்த்து வாங்கினால் கணக்கு தப்பிப்போகும்.

இன்னொன்று. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஒரே அளவு வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது ஸ்பீக்கரின் திறன். 87 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்ப்ளிபையரை இரண்டு மடங்காக்கிய பலன் கிடைத்துவிடும். பதினாலுக்குப் பத்து ஹாலுக்கு ஒழுங்காக அளந்த 50 வாட்ஸே மிச்சம்.

"சத்தம் பத்தல" என்று எழுதுகிற ஓனர்களில் பலர், திரையில் மைனஸ் 30 என்று காட்டுவதைப் பார்த்துப் பயந்து அதற்கு மேல் கூட்டாதவர்கள். பல ரிசீவரில் மைனஸ் கணக்குத்தான். அதில் பூஜ்ஜியம் என்பது தியேட்டர் அளவு. மைனஸ் 30-லிருந்து 20-க்குள் வைத்துப் பார்ப்பது வீட்டு வழக்கம்.

"பாஸ் வரல" என்கிற புகாரின் கதை வேறு. கோவில் கொடைக்குக் கட்டுகிற செட்டில் நெஞ்சு அதிரக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அளவு எடுத்தால், அது அடிச்சத்தம் தருகிற வூஃபரை மற்ற ஸ்பீக்கருக்குச் சமமாக இறக்கி வைக்கும். அதுதான் சரியான அளவு. பிடிக்காவிட்டால் வூஃபரை மட்டும் 3 டெசிபல் கூட்டிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

## கம்பெனி ரிசீவர்: வசதி அதிகம், வேலையும் அதிகம்

டெனான், யமஹா, சோனி, மராண்ட்ஸ் என்று எதை எடுத்தாலும் ரிசீவர் செய்கிற வேலை ஒன்றுதான். படத்தில் பல சேனலாகப் பதிந்து வரும் டால்பி, டிடிஎஸ் சத்தத்தைப் பிரித்து, ஐந்தோ ஏழோ ஸ்பீக்கருக்கு அனுப்பி, ஒவ்வொன்றின் தூரத்துக்கும் தக்கபடி நேரத்தைச் சரிசெய்யும். அந்த மைக் அளவு, ஆடிசி என்று டெனானிலும் ஒய்பிஏஓ என்று யமஹாவிலும் பெயர், உண்மையிலேயே பயன்படுகிறது. சோபாவில் உட்கார்ந்தால் காது வருகிற உயரத்தில் மைக்கை வைத்து, ஃபேனை நிறுத்தி, வீட்டில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு ஓட்ட வேண்டும். ஃபேன் ஓட ஓட அளவெடுத்துவிட்டு "ரிசீவர் சரியில்ல" என்று எழுதியவர்களும் உண்டு.

ரிசீவரின் பெரிய லாபம், தவணையாக வளர்க்கலாம். முதலில் ரிசீவரும் இரண்டு ஸ்பீக்கரும். அடுத்த போனஸில் சென்டர். அதற்கடுத்து வூஃபர். பின்னால் வைக்கிற ஸ்பீக்கர் கடைசி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்னால் சத்தம் வருவதுதான் ஹோம் தியேட்டர் என்று நினைத்து சென்டரில் காசை மிச்சம் பிடித்தால், படம் முழுக்க சப்டைட்டில்தான் துணை.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். நல்ல 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர்) ரிசீவரே முப்பதிலிருந்து நாற்பத்தைந்தாயிரம் ஆகிவிடும். ஸ்பீக்கர்களுக்கு இன்னொரு அவ்வளவு. ஐம்பதாயிரத்தில் முழுசும் புதிதாக முடியாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது.

அப்புறம் டிவி யூனிட். நம்ம ஆசாரிமார் வழக்கமாக அடிக்கிற தட்டு ஒரு அடி ஆழம், அதாவது 30 சென்டிமீட்டர். ரிசீவரின் ஆழமே 30-லிருந்து 34. பின்னால் ஹெச்டிஎம்ஐ ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் வளைய இன்னும் 7, 8 வேண்டும். மேலே காற்றுக்கு அரை அடி விடவில்லை என்றால் சித்திரை வெயிலில் பெட்டி தானே அணைந்துவிடும். "சூடாகுது" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி கதவு போட்ட அலமாரிக்குள் ரிசீவரைப் பூட்டி வைத்தவர்களுடையது. சும்மா ஓடும்போதே 40, 50 வாட்ஸ் எடுக்கும் என்பதால் சூடு இயல்புதான். தினம் ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட் வரும். கரண்ட் பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடாக இருந்தால் மட்டும் கவனியுங்கள், அந்தக் கோட்டைத் தாண்டினால் ரேட்டே மாறும்.

இடியைப் பற்றி. மலையடிவாரத்துப் பக்கம், கடையம், அம்பை, பாபநாசம் என்று இருப்பவர்கள் இதைத் தலையாய விஷயமாக எடுத்துக்கொள்ளலாம். ரிசீவரில் இடி விழுந்து கெடுவது பவர் சப்ளை மட்டும் அல்ல. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் செட்டாப் பாக்ஸுக்குள் போகிறது, அங்கிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்குள் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாலும், அந்த வழியாக வந்து ஹெச்டிஎம்ஐ போர்டை அடித்துவிடும். போர்டு போனால் ரிசீவரில் பாதி விலை போனது மாதிரி. மழை இருட்டினால் டிஷ் கேபிளின் திருகையும் சேர்த்துக் கழற்றிவிடுவது மூன்றாம் வருடத்து ஓனர்களின் பழக்கம்.

வாங்குமுன் கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "கெட்டுப்போனா இங்கனயே பாப்பியளா, மருதைக்கோ சென்னைக்கோ அனுப்புவியளா?" அனுப்புவோம் என்றால் அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் மச்சில் பத்திரமாகப் போட்டு வையுங்கள். ஏழெட்டு கிலோ மிஷினை வெறும் சாக்கில் கட்டி பார்சல் ஆபீசில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

## சவுண்ட்பார்: வசனத்துக்கு வாங்குங்கள், அட்மாஸுக்கு வேண்டாம்

ஒரே ஒயர், ஒரே ரிமோட். டிவியைப் போட்டால் இதுவும் எழும்பும். வீட்டில் எல்லோரும் இயக்கலாம். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். இந்த நாலு காரணமே பல வீடுகளுக்குப் போதும்.

வாங்கும்போது 2.1 என்பதை விட்டு 3.1-க்குப் போங்கள். அந்த மூன்றாவது சேனல்தான் வசனத்துக்கு. பெட்டியில் 500 வாட்ஸ், 800 வாட்ஸ் என்று போட்டிருப்பதற்கு மேலே சொன்ன கதையே பொருந்தும்.

அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற டால்பி முறை. அட்மாஸ் சவுண்ட்பார் மேல்நோக்கிச் சத்தத்தை எறிந்து, கூரையில் பட்டுக் கீழே இறங்கவைக்கிறது. அதற்குக் கூரை தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். டால்பியே ஏழரை அடியிலிருந்து 12 அடி வரைதான் சரியான உயரம் என்கிறது. சரிந்த ஓட்டுக்கூரையிலும், வரிசையாக உத்திரக் கட்டை ஓடும் பழைய மெத்தை வீட்டிலும் அது சிதறிப்போகும். மேலே சொன்ன ஓட்டுவீட்டுத் தொல்லை இதுதான். அந்த வீட்டுக்கு அட்மாஸுக்கென்று கூடுதல் காசு கொடுப்பது வீண்.

இதன் மறைமுகச் செலவு பின்னால்தான் தெரியும். பார், வூஃபர், பின் ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றுக்கொன்று வயர்லெஸ்ஸில் ஜோடி சேர்ந்தவை. நாலாம் வருடம் வூஃபர் மட்டும் போனால், அந்த மாடலே நின்றிருக்கும். வேறு வூஃபர் சேராது. முழு செட்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். உள்ளூர் மெக்கானிக் பலரும் போர்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடுவார்கள்.

## அசெம்பிள் செட்: பாட்டுக்கு ராஜா

இதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டு, நல்ல டிரான்ஸ்பார்மர், எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, ஒரு பன்னிரண்டு இஞ்ச் வூஃபர் போட்டு பதினைந்து, இருபதாயிரத்தில் கட்டிக்கொடுக்கிற செட்டு, அதே விலை சவுண்ட்பாரைப் பாட்டில் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கெட்டால் கட்டிக்கொடுத்தவரிடமே போகலாம். நூறு இருநூறு ரூபாய் டிரான்சிஸ்டரை மாற்றிச் சாயங்காலமே கையில் கொடுப்பார். ரிப்பேர் என்ற அளவுகோலில் மற்ற எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் "5.1" என்று சொல்லிக் கொடுப்பதில் பாதி உண்மையான 5.1 அல்ல. புரோலாஜிக் போர்டு என்பது இரண்டு சேனல் சத்தத்தை வாங்கி, இடது வலதுக்கு உள்ள வித்தியாசத்தைப் பின்னால் அனுப்பி, அடிச்சத்தத்தை வடிகட்டி வூஃபருக்குத் தருவது. பாட்டுக்குக் குஷியாக இருக்கும். படத்தில் ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது. தனி டீகோடர் போர்டு போட்டால் டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் பிரியும். ஓடிடி படங்கள் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் வருகின்றன. பல போர்டுகள் அதைத் திறக்காது. டிவி செட்டிங்கில் டால்பி டிஜிட்டல் என்று மாற்றி வைக்கும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

டிரான்ஸ்பார்மர் காப்பரா அலுமினியமா என்று கேளுங்கள், காப்பர் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டிரான்சிஸ்டரில் போலி தாராளமாகப் புழங்குகிறது, அது கட்டுகிறவரின் கையைப் பொறுத்தது. வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து ஸ்பீக்கரில் காதை வையுங்கள். "ம்ம்ம்" என்று உறுமல் கேட்டால் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.

## செகண்ட் ஹேண்ட் ரிசீவர்: விவரமானவருக்கு மட்டும்

மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த செட்டுகள் நல்ல நிலையில் கிடைப்பதுண்டு. அங்கேயும் பெரும்பாலும் 220-240 வோல்ட்தான், பின்பக்கம் அப்படி எழுதியிருந்தால் நேரே மாட்டலாம். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் பின்பக்கம் 120 வோல்ட் என்றும், ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகினால் ஒரு நொடிதான். அந்த டிரான்ஸ்பார்மரும் தாங்குகிற அளவில் கனமாக வாங்க வேண்டும், அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக ஓட்டிக் கேளுங்கள். எல்லா ஹெச்டிஎம்ஐ துளையையும் சோதியுங்கள். அளவெடுக்கும் மைக் கூடவே வருகிறதா பாருங்கள், ஒரு கம்பெனி மைக் இன்னொன்றுக்கு ஆகாது. அடியிலுள்ள திருகாணிகளில் துருவும், காற்றுத் துளைகளில் காய்ந்த சேறும் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் எத்தனை வீட்டு டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டு முங்கியது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஓன்கியோ மலிவாகக் கிடைக்கும். அந்தக் கம்பெனி 2022 மே மாதம் ஜப்பானில் திவால் மனு போட்டது, பிராண்டு அதற்கு முன்பே கை மாறிவிட்டது. சத்தம் அருமை, பழைய மாடலுக்கு ஸ்பேர் கிடைப்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். கேம் ஆடுகிறவர்கள் 2020-ல் வந்த முதல் 8கே ரிசீவர்களை விசாரித்து வாங்க வேண்டும். சிலவற்றில் 4கே 120 ஹெர்ட்ஸ் படம் வராத கோளாறு இருந்தது.

## ஒரே பார்வையில்

| | புது ரிசீவர் | சவுண்ட்பார் | அசெம்பிள் செட் | செகண்ட் ஹேண்ட் |
|---|---|---|---|---|
| படத்து வசனம் | சென்டர் நன்றாக இருந்தால் முதலிடம் | 3.1 என்றால் நன்று | சுமார் | புதிதுக்குச் சமம் |
| பாட்டு | நன்று | சுமார் | மிக நன்று | நன்று |
| ரிப்பேர் | வெளியூர் போகலாம் | பெரும்பாலும் மாற்றுவதுதான் | உள்ளூரிலேயே | ஸ்பேரைப் பொறுத்தது |
| இடி பயம் | அதிகம் | உண்டு | குறைவு | அதிகம் |
| வீட்டார் இயக்க | பழக வேண்டும் | எளிது | எளிது | பழக வேண்டும் |
| மறைந்த செலவு | ஸ்பீக்கர், ஒயர், தட்டு | ஒரு பாகம் போனால் முழுசும் | டீகோடர், நல்ல டிரான்ஸ்பார்மர் | வாரண்டி இல்லை, வோல்டேஜ் |

## யாருக்கு எது

பெருமாள்புரத்திலோ கேடிசி நகரிலோ வாடகைக்கு இருந்து, ராத்திரி ஓடிடியில் படம் பார்க்கிற குடும்பம்: சவுண்ட்பார், 3.1, வாரண்டி நீளமானதாகப் பார்த்து. டிவியின் சத்தத்தை ஹெச்டிஎம்ஐ ஒயரிலேயே செட்டுக்கு அனுப்புவது ஏஆர்சி, அதன் புது வடிவம் ஈஆர்க். இவர்களுக்கு ஈஆர்க் இல்லை என்று கவலை வேண்டாம். ஓடிடியில் வரும் அட்மாஸ்கூட சாதாரண ஏஆர்சி வழியாகவே வந்துவிடும். ப்ளூ-ரே வைத்திருப்பவர்களுக்குத்தான் ஈஆர்க்.

பென்டிரைவில் படம் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018-லிருந்து வந்த பெரும்பாலான சாம்சங் டிவிகளும், 2020-லிருந்து 2022 வரை வந்த எல்ஜி டிவிகளும் டிடிஎஸ் சத்தத்தை எடுத்துக்கொள்ளாது. படம் ஓடும், சத்தம் வராது. எந்த செட்டை மாட்டினாலும் டிவி வழியாக வந்தால் இதே கதைதான். தனி மீடியா பாக்ஸ் வாங்கி ரிசீவரிலேயே நேராக மாட்டுவதுதான் வழி. இந்த ஒரு காரணத்துக்காகவே ரிசீவருக்குப் போனவர்கள் உண்டு.

காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் பழைய பாட்டு, எப்போதாவது படம் என்று இருக்கிற வீட்டுக்கு அசெம்பிள் செட் போதும், மிச்சக் காசுக்கு ஸ்டெபிலைசர் வாங்கலாம். ராதாபுரம், திசையன்விளை மாதிரி கடல் காற்றுப் படுகிற ஊர் என்றால், எந்த செட்டானாலும் ஸ்பீக்கர் ஒயர் நுனி பச்சை பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

சொந்த வீடு, படப் பைத்தியம், கையில் பொறுமை மூன்றும் இருந்தால் ரிசீவர்தான். ஐம்பதாயிரத்துக்குள் என்றால் ரிசீவரும் இரண்டு ஸ்பீக்கரும் மட்டும் வாங்கி நிறுத்துங்கள். சென்டர் இல்லாத வரை "சென்டர் இல்லை" என்று ரிசீவரின் மெனுவில் சொல்லிவிட்டால், வசனத்தை இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுத்து நடுவில் நிற்க வைக்கும்.

வீடு இன்னும் பூச்சு வேலைக்கு வரவில்லை என்றால் எதை வாங்குவது என்ற முடிவைத் தள்ளிப்போடலாம், பைப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டிவி சுவரிலிருந்து சோபாவுக்குப் பின்சுவர் இரண்டு மூலைக்கும் ஒரு இஞ்ச் பைப் ஒன்று ஒன்று, ஈபி ஒயர் போகிற பைப்போடு சேராமல் தனியாக, உள்ளே இழுகம்பியோடு. ஒயர் பிறகு போட்டுக்கொள்ளலாம், 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தமான காப்பர். எலக்ட்ரீசியன் "எதுக்கு வே இது?" என்று கேட்பார். போட்டு வைக்கச் சொல்லுங்கள்.